முழியைப் பார்த்தால் பொய் தெரியுமா?

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று சும்மாவா சொன்னார்கள் என்பார்கள். சும்மாதான் சொன்னார்களோ என்று சந்தேகம் வருகிறது! டி.வி.யில் யாராவது பேட்டி கொடுத்தால் போதும், "இந்த ஆள் புளுகுறான், முழியைப் பாரு" என்று ஒரு குரல் எல்லா வீட்டிலும் வரும். இந்த முழி ஜோசியம் எத்தனை தடவை பலிக்கிறது?

1994-ல் பிரிட்டனில் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் இதை ஊரறியச் சோதித்தார். சர் ராபின் டே அந்த நாட்டின் பிரபலமான அரசியல் பேட்டியாளர். அவரிடமே இரண்டு பேட்டிகள் எடுத்தார்கள். கேள்வி ஒன்றுதான்: உங்களுக்குப் பிடித்த படம் எது? ஒன்றில் 'கான் வித் த விண்ட்' என்றார், இன்னொன்றில் 'சம் லைக் இட் ஹாட்' என்றார். ஒன்று நிஜம், ஒன்று பொய். இரண்டையும் டி.வி.யில் காட்டினார்கள், ரேடியோவில் ஒலிபரப்பினார்கள், பேப்பரிலும் அச்சிட்டார்கள். 41,000-க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள்.

பேப்பரில் படித்தவர்களில் 64 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ரேடியோவில் கேட்டவர்களில் 73 சதவீதம். முகத்தை நன்றாகப் பார்த்த டி.வி. நேயர்களோ வெறும் 52 சதவீதம்! பூவா தலையா போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே மார்க்தான். (நிஜம் 'சம் லைக் இட் ஹாட்'.)

ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு பொய்யை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயம். 2006-ல் பாண்ட், டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை வந்த 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சராசரி 54 சதவீதம். போலீஸ்காரர்களுக்காவது தெரியாதா என்றால், 1991-ல் பால் எக்மன் செய்த வீடியோ சோதனையில் போலீஸ், நீதிபதிகள், மனநல மருத்துவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய அதே நிலைதான். அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் மட்டும் 64 சதவீதத்தைத் தொட்டார்கள்.

ஏன் இப்படி? 58 நாடுகளில் "பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டபோது அதிகமாக வந்த பதில், "கண்ணைப் பார்க்க மாட்டார்" என்பதுதான். இது பொய் சொல்கிறவனுக்கும் தெரியுமே! அவன் கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுவான். பயந்துபோன அப்பாவிதான் தலையைக் குனிவான்.

பிடித்த படம் பற்றிய பொய் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். குற்ற வாக்குமூலம் என்றால்? 2005-ல் சால் காசின் குழுவினர், சிறைக் கைதிகள் தந்த உண்மை வாக்குமூலங்களையும் பொய் வாக்குமூலங்களையும் பதிவு செய்து, கல்லூரி மாணவர்களுக்கும் போலீஸாருக்கும் கொடுத்தார்கள். மாணவர்கள் போலீஸை முந்தினார்கள். இங்கேயும் வீடியோ பார்த்தவர்களைவிட ஒலியை மட்டும் கேட்டவர்களே சரியாகக் கணித்தார்கள். தன்னம்பிக்கையில் மட்டும் போலீஸுக்குத்தான் முதலிடம்!

அந்தத் தன்னம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1989-ல் சென்ட்ரல் பார்க்கில் ஓடப்போன ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயதுள்ள ஐந்து பையன்கள் சிக்கினார்கள். அவர்களில் நான்கு பேரின் வாக்குமூலம் வீடியோவில் இருந்தது. அதற்கு முன் மணிக்கணக்கில் நடந்த விசாரணை பதிவாகவில்லை. டி.என்.ஏ. ஐவருக்குமே பொருந்தவில்லை. ஆனாலும் ஜூரிகள் வீடியோவை நம்பினார்கள். 2002-ல் வேறொருவன் ஒப்புக்கொண்டான், டி.என்.ஏ. அவனுக்குப் பொருந்தியது, தீர்ப்புகள் ரத்தாயின. அதற்குள் அந்தப் பையன்களின் இளமை சிறையில் கழிந்துவிட்டது.

ஆக, முகத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்கு நீதிமன்றத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் மதிப்பு இருக்கக்கூடாது. விசாரணையைப் பதிவு செய்வதென்றால் முதல் கேள்வியிலிருந்து பதிவு செய்ய வேண்டும். ஒருவர் சொன்னதில் சரிபார்க்கக்கூடியது என்ன இருக்கிறது, அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அது சலிப்பான வேலைதான். ஆனால் "முழியே சரியில்லை" என்று சொல்லி ஒருவனை உள்ளே தள்ளுவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த முறை டி.வி. பேட்டியில் யார் மேலாவது சந்தேகம் வந்தால், கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்களேன்!