மஞ்சள் சட்டையும் மருமகனும்

நம் தங்கைக்கு ஆண் மகவு பிறந்துள்ளது. இச்செய்தியை இப்பகுதியில் எழுதுவதற்கு ஆசிரியரின் இசைவை முன்னரே பெற்றுக்கொண்டோம். ஆகவே, சொந்தக் கதை பேசுகிறார் என்று அன்பர்கள் எவரும் முறையிட இடமில்லை. தாயும் சேயும் நலம்.

தாய்மாமன் பதவி எளிதன்று என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அரைஞாண் வாங்குவது முதல், மடியில் இருத்தி முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் ஈறாக, செலவும் பெருமையும் ஒருங்கே நிறைந்த பதவி அது. மட்டாஞ்சேரியில் குடியேறி வாழும் நம்மவர்க்கோ இது இரட்டைப் பொறுப்பு. பதினாறாம் நாள் நம் வழக்கப்படி தொட்டிலிட்டுப் பெயர் சூட்டினோம். அத்துடன் முடிந்தது என்று அமர்ந்தால், அண்டை வீட்டு அம்மையார், "இருபத்தெட்டு என்றைக்கு?" என்று உரிமையோடு கேட்டுவிட்டார். அவர்களுடைய முறையிலும் இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, வெற்றிலையால் ஒரு காதை மூடி மறு காதில் பெயரை ஓதினோம். இரு மொழிக்காரரும் ஒரே பந்தியில் உண்டனர். பிள்ளை இரண்டு சடங்கிலும் உறங்கினான்.

வந்த பரிசுகளுள் ஒன்று மஞ்சள் சட்டை. கொம்பன் யானை பொறித்த, கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் கழகத்தின் சட்டை. ஓராண்டுக்குப் பின்னரே உடலுக்குப் பொருந்தும். அதைத் தொட்டிலின் மேல் விரித்துப் பார்த்த மைத்துனரின் நண்பர்கள், "இவன் வளர்ந்து கலூரில் கோல் காக்கட்டும், இப்போது நிற்பவர்களைப் பார்க்கச் சகிக்கவில்லை" என்றார்கள். திண்ணையில் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. எந்தக் காவலரை நீக்குவது, எவரை நிறுத்துவது என்பதே பொருள். அவ்வாதமே இம்மாதப் பகுதிக்கு வித்து.

கொச்சி நகரின் கால்பந்துப் பற்று நேற்று முளைத்ததன்று. 1973-ஆம் ஆண்டு இறுதியில் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரித் திடலில் ரயில்வே அணியை மூன்றுக்கு இரண்டு என்று வென்று கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டது. அந்த மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. அதன்பின் அவர் பெயரோடு 'கேப்டன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. 2017-இல் அவர் காலமானபொழுதும் செய்தித்தாள்கள் 'கேப்டன் மணி' என்றே எழுதின. ஓர் ஆட்டக்காரரை ஊர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நன்றியோடு நினைத்திருந்ததற்கு அது சான்று.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. மஞ்சள் நிறம் கலூர் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தை நிறைத்தது. நம் பகுதி இளைஞர்கள் படகேறி எறணாகுளம் அடைந்து, அங்கிருந்து மெட்ரோவில் நெருக்கியடித்துக் கலூர் செல்வதை எத்தனையோ மாலைகளில் கண்டிருக்கிறோம். சென்னை அணி விளையாட வரும் நாளில் எந்தப் பக்கம் கைதட்டுவது என்ற இக்கட்டும் நம் வீடுகளுக்கு மட்டுமே உரியது. (அன்று பாட்டிமார் சென்னைக்கும் பேரப்பிள்ளைகள் கொச்சிக்கும் என்று சில வீடுகள் பிரிந்துவிடுகின்றன.) இத்தனை அன்பையும் பெற்ற அணி 2014, 2016, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதியாட்டம் வரை சென்று மூன்று முறையும் தோற்றது. 2016 இறுதியாட்டம் கலூரிலேயே நடந்தது. பெனால்டி உதைகளில் கொல்கத்தா அணி வென்றது. அவ்விரவு கடைசிப் படகில் திரும்பியவர்கள் பேச்சற்று இருந்தார்கள்.

அந்த 2016 பருவத்தில் அணியைத் தூக்கி நிறுத்தியவர்களுள் ஒருவர் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. வினீத். பருவத்தின் பாதியில் வந்து சேர்ந்து ஐந்து கோல்கள் அடித்தார். நம் மண்ணின் மைந்தன் என்று கூட்டம் அவரைத் தலைமேல் வைத்துக் கூத்தாடியது. இரண்டு பருவங்கள் கழிந்தன, கோல்கள் குறைந்தன, அதே கூட்டத்தின் ஒரு பகுதி அவரை ஏளனம் செய்யத் தொடங்கியது. 2019 தொடக்கத்தில் அவர் சென்னையின் அணிக்கு மாறினார். அடுத்த மாதமே, தம்மைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவதாக ரசிகர் குழுவினர் மீது காவல்துறையில் முறையீடு கொடுக்க வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. போற்றியவர்கள் மீதே புகார் எழுதும் மனிதனின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

கோல் காவலரின் நிலை இன்னும் கொடியது. முன்னணியில் ஆடுபவர் பத்து வாய்ப்புகளை வீணாக்கிப் பதினோராவதைக் கோலாக்கினால் வீரர். காவலரோ பத்தைத் தடுத்துப் பதினோராவதை விட்டால் குற்றவாளி. அணிக்கு அவ்விடம் ஒன்றே; ஆகவே அவர் நின்றால் மற்றொருவர் வெளியே அமர்ந்திருப்பார். திருச்சூர் இளைஞர் சச்சின் சுரேஷ் 2023 அக்டோபரில் ஒடிசாவுக்கு எதிராகவும், அடுத்த வாரமே ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகவும் பெனால்டி உதைகளைத் தடுத்தார். கொச்சி அவரைக் கொண்டாடியது. 2024-25 பருவத்தில் அதே கைகளிலிருந்து பந்து நழுவியபொழுது, கொண்டாடிய நாவுகளே மாற்றாளைக் கேட்டன. நம் திண்ணையில் அமர்ந்தவர்களும் அந்த அணியினரே!

இவ்விஷயத்தில் மலையாளிகளையோ தமிழர்களையோ மட்டும் குறை கூறுவது நியாயமன்று. அமெரிக்கர்களின் கால்பந்து வேறு ஆட்டம். கையால் எறிந்து ஆடுவது. அதில் குவார்ட்டர்பேக் என்னும் எறிவாளரைச் சுற்றியே அணி இயங்கும். பிலடெல்பியா நகரத்தார் 1999-இல் மெக்னாப் என்பவர் தங்கள் அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிமிடத்திலேயே, அவர் ஒரு பந்தும் எறியுமுன், கூச்சலிட்டு அவமதித்தனர். பின்னர் அவரே அந்த அணியை 2005-இன் இறுதியாட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அதே நகரில் 2017-இன் இறுதியில் முதன்மை எறிவாளர் காயமுற்று விழ, மாற்றாளாக வந்த நிக் ஃபோல்ஸ் 2018 பிப்ரவரியில் கோப்பையையே வென்று கொடுத்தார். அவருக்குச் சிலை வைத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

எல்லாவற்றிலும் துயரமானது பிரேசில் நாட்டுப் பார்போசாவின் கதை. உலகக் கோப்பை நாட்களில் நம் தெருக்களில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கொடி கட்டி நண்பர்களே பகைத்துக்கொள்வார்கள் அல்லவா? அந்தப் பிரேசில், 1950 ஜூலை 16 அன்று, ரியோவின் மரக்கானா அரங்கத்தில் உருகுவேயிடம் ஒன்றுக்கு இரண்டாகத் தோற்றது. 79-ஆம் நிமிடத்தில் கிக்யா அடித்த பந்து காவலர் பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் இடையே புகுந்தது. அவர் அக்காலத்தின் மிகச் சிறந்த காவலர்களுள் ஒருவர். ஆயினும், 2000-இல் இறக்கும்வரை அந்த ஒரு பந்துக்காக அவரை நாடு மன்னிக்கவில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் மிகப் பெரிய தண்டனையே முப்பது ஆண்டுகள்தான், தமக்கோ ஐம்பது என்று அவர் மனம் நொந்து கூறியதுண்டு.

பணம் கொடுத்து நுழைந்தவன் குறை சொல்லக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லலாம். 2024 டிசம்பரில் மஞ்சப்படையினர் அணியின் நிர்வாகத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். அதில் நமக்கு மாறுபாடு இல்லை. பணத்தையும் திட்டத்தையும் கையில் வைத்திருப்பவரைக் கேட்பது முறையே. உறுதியாக நிற்கவும் இக்கூட்டத்துக்குத் தெரியும். 2023 மார்ச்சில் பெங்களூருவில், எதிரணி விரைந்து அடித்த ஃப்ரீகிக் கோலை ஏற்காமல் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் அணியைத் திடலைவிட்டே வெளியேற்றினார். கழகத்துக்குக் கோடிக்கணக்கில் அபராதம். அவருக்குப் பத்து ஆட்டங்கள் தடை. தடை முடிந்து அவர் கலூரில் மீண்டும் கால் வைத்த நாள், முன்னே சொன்ன ஒடிசா ஆட்டத்து நாள். அன்று அரங்கம் அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாக வரவேற்றது. அவர் செய்தது சரியா தவறா என்று அன்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த மனம் ஏன் காவலரிடம் மட்டும் செல்வதில்லை? நமக்குத் தோன்றுவது இது: வெளியே அமர்ந்திருக்கும் மாற்றாள் இன்னும் ஒரு பந்தையும் விடவில்லை. விடாதவனிடம் எல்லா நம்பிக்கையையும் ஏற்றி வைக்கலாம். புதிதாய்ப் பிறந்த குழந்தையும் அப்படித்தான். அவன் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கவில்லை. விருந்தினர் முன் பாட மறுக்கவில்லை. ஆகையால் அவனை மருத்துவர் என்கிறோம், கலெக்டர் என்கிறோம், கோல் காவலன் என்கிறோம்.

இதை எழுதுகையில் நம் மனம் தொட்டிலை விட்டு அவன் அக்காளிடம் செல்கிறது. அவளுக்கு ஆறு வயது. ஆறு ஆண்டுகளாக அவ்வீட்டின் திடலில் அவள் ஒருத்தியே ஆடினாள். அவள் நடந்தால் கைதட்டல், மழலை பேசினால் கைதட்டல். இன்று வருகின்ற ஒவ்வொருவரும் வாயிலிலேயே, "தம்பி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு அவளைக் கடந்து போகிறார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "இனி உன் ராஜ்யம் முடிந்தது, அம்மா" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அன்று மாலை பள்ளிக் குறிப்பேட்டை எடுத்துவந்து, கேளாமலே, தான் பெற்ற நட்சத்திரக் குறிகளை ஒவ்வொன்றாக நம்மிடம் காட்டினாள். "மாமா, இது போன வாரம் வாங்கினது. இது அதுக்கு முன்னாடி" என்று அவள் எண்ணிக்கொண்டே போனபொழுது, காவல்துறை வரை சென்ற ஆட்டக்காரரை நினைத்துக்கொண்டோம். தன் இடம் தனக்கு இன்னும் உண்டா என்று ஆறு வயதில் சான்று திரட்டத் தொடங்கிவிட்டாள்.

குடியேறிய குடும்பங்களில் இந்நோய் சற்று மிகுதி என்பது நம் கருத்து. பிழைக்க வந்த ஊரில் நம் மதிப்பைப் பிள்ளைகளைக் கொண்டே காட்ட விரும்புகிறோம். ஒருவன் தேர்வில் சறுக்கினால் மற்றவனை முன்னே நிறுத்துகிறோம். அண்டை வீட்டார் கேட்கும்போது நன்றாகப் படிப்பவன் பெயர் மட்டும் வாயில் வருகிறது. மற்றவன் உள்ளறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மைத்துனர் கால்பந்துப் பித்தர் எனினும் நல்ல மனிதர். சென்ற ஞாயிறு காலை பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு ஃபோர்ட் கொச்சிப் பரேட் மைதானத்துக்குப் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம். இரண்டு செருப்புகளைக் கம்பங்களாக வைத்தார்கள். அவள்தான் கோல் காப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். தகப்பனார் மெதுவாகத்தான் உதைத்தார். ஆயினும் ஏழு கோல்கள் புகுந்தன. எட்டாவது அவள் முழங்காலில் பட்டுத் தற்செயலாக வெளியே போயிற்று. பார்வையாளர் கூட்டத்தில் நம்மைத் தவிர மூன்று ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை தலை நிமிரவில்லை. "மாமா, எத்தனை விட்டேன்னு எண்ணினீங்களா?" என்றாள். எண்ணவில்லை என்றோம்.