பெட்னி எங்கே?

போன ஞாயிறு பெங்களூரில் அக்கா மகன் வீட்டில் பிடித்த எரிச்சல், ஏனாத்தூர் திரும்பி நாலு நாளாகியும் தணியவில்லை. அன்று அவன் சாமிகரா என்ற 12 ஆண்டு ரம்மைத் திறந்தான். ஹரியானாவில் பிக்காடிலி வடிப்பது. 2023-இல் லண்டனின் ஐ.டபிள்யூ.எஸ்.சி. போட்டியில் தங்கம் வாங்கியது. கூட அவன் நண்பர்கள் நாலு பேர். ஒருவரும் கோப்பையை முகர்ந்து பார்க்கவில்லை. என்ன மணம் வரவேண்டும் என்று கைபேசியில் முதலில் படித்தார்கள்: வெனிலா, தோல், புகையிலை. அப்புறம் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆமா, லெதர் வருது" என்றார்கள்.

சீட்டைப் படித்துவிட்டுச் சரக்கைப் பார்ப்பவர்களோடு எனக்குள்ள வழக்கு, இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும்.

ரம் அருமையானது. நம் நாட்டு ரம் பெரும்பாலும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வருவது. நெல்லிக்குப்பம் ஆலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பாகின் வாசனை தெரிந்திருக்கும். சாமிகரா நேரே கரும்புச் சாற்றிலிருந்து வடித்தது. ஆல்கஹால் நூற்றுக்கு 50. முதல் வாய் சுடும். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்தேன். கொப்பரையில் வெல்லம் இறங்கும் நேரத்து வாசனை வந்தது, பின்னாலேயே கனிந்துபோன வாழைப்பழம். நிறத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. கருக்கிய சர்க்கரை சேர்த்தால் நேற்று வடித்த ரம்மும் கறுத்துவிடும். வயதையும் ஊரை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு நூற்றில் இரண்டு பங்கு ஆவியாகிறது. நம் வெயிலில் பத்துப் பங்கும் போகும். நம்மூரில் 12 ஆண்டு தாங்கிய பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அந்தப் போட்டியில் நடுவர்களுக்குப் புட்டியைக் காட்டுவதில்லை. கோப்பை மட்டும்தான். அதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம். ரம்மின் பெயரில் உள்ள சாமீகரம் என்றால் பொன். அவர் ஆயுள் முழுக்க அளைந்ததும் பொன் ஜரிகை.

யாராவது புடவை கொண்டுவந்தால் அப்பா எந்தக் கடை, என்ன விலை என்று கேட்கமாட்டார். மடியில் போட்டுக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளிக் கசக்குவார். முறுக்கேறிய மூன்று இழைப் பட்டு நறநறவென்று சொல்லிவிட்டுத் தானே விரிந்துகொள்ளும். அடுத்து, திருப்பிப் போட்டுக் கோர்வை பார்ப்பார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் இடம் அது. கரைக்கு நாடா போடத் தறியில் இன்னொரு கை வேண்டும். எட்டாம் வகுப்புவரை அந்தக் கை என்னுடையது.

கடைசியாகப் பெட்னி. முந்தானையின் பாவை உடல் பாவோடு இணைத்து, இரண்டையும் சேர்த்துச் சில ஊடை நெய்து, பிறகு பழைய பாவிழைகளை வெட்டி எடுப்பார்கள். அந்த இடத்தில் மெல்லிய தழும்புபோல ஒரு வரி நிற்கும். அப்பா கட்டைவிரலால் அந்த வரியை ஒருமுறை வருடுவார். சரியில்லையென்றால் பேசாமல் மடித்துக் கொடுத்துவிடுவார்.

ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பதும் உண்டு. சிவப்புப் பட்டிழைமேல் வெள்ளித் தகட்டுக் கம்பியைச் சுற்றிப் பொன் பூசியதுதான் அசல். சுரண்டினால் சிவப்புத் தெரியும். இப்போது தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று கருவியே சொல்லிவிடுகிறது. அந்தக் கருவி எல்லாக் கடையிலும் இருக்கவேண்டும் என்பேன். செம்புக் கம்பியில் முலாம் பூசிய ஜரிகையை அசல் விலைக்கு வாங்கி ஏமாந்த குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் நீட்டிக் காட்டியது சில்க் மார்க் சீட்டை. அது பட்டு சுத்தம் என்று மட்டும்தான் உறுதி சொல்கிறது. ஜரிகையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. பெட்னியை எந்தக் கருவியும் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு அக்கா மகன் வருகிறான். அவன் பாட்டியின் முகூர்த்தப் புடவையை எடுத்து அவன் மடியில் வைக்கப்போகிறேன். அப்பா நெய்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன், பெட்னி எங்கே என்று.