யாருடைய அந்தரங்கத்தைக் காக்கிறது இந்தச் சட்டம்?

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் மாநகராட்சிகள் சில ஆண்டுகளுக்கு முன் தம் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜிபிஎஸ் கடிகாரத்தை மாட்டின. பணியாளர் எந்தத் தெருவில் நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்பதெல்லாம் எங்கோ ஓர் அறையிலுள்ள திரையில் புள்ளியாகத் தெரியும். ஒதுக்கப்பட்ட எல்லையை விட்டு நகர்ந்தால் கூலி பிடிக்கப்படுமோ என்ற அச்சம் ஒருபுறம். கடிகாரத்தில் கேமராவும் ஒலிவாங்கியும் இருப்பதால் கழிப்பறைக்குச் செல்லவே கூசுகிறது என்ற பெண் தொழிலாளர்களின் குமுறல் மறுபுறம். கையுறை கேட்டவர்களுக்குக் கடிகாரம் கிடைத்தது.

அதே நாட்டில் இன்னொரு காட்சி. தேர்தல் பத்திரத் திட்டம் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவரங்களை மார்ச் 6க்குள் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்குமாறு பாரத ஸ்டேட் வங்கிக்கு உத்தரவிட்டது. வங்கி என்ன சொன்னது? மொத்தம் 22,217 பத்திரங்கள். வாங்கியவர் விவரம் ஓரிடத்தில், பணமாக்கிய கட்சியின் விவரம் வேறிடத்தில். பொருத்திப் பார்க்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது. அதற்குள் மக்களவைத் தேர்தல் முடிந்துவிடும் என்பது வங்கிக்கும் தெரியும், அதன் எஜமானர்களுக்கும் தெரியும். மார்ச் 11இல் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. மறுநாளே விவரங்கள் ஆணையத்திடம் வந்து சேர்ந்தன!

இவ்வழக்கில் ஒன்றிய அரசு முன்வைத்த வாதத்தைத் தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நன்கொடையாளரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டுமாம். ஆதார் வழக்கிலோ, அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமையே அல்ல என்று இதே அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை நிராகரித்தார்கள். கைரேகையும் கருவிழிப் பதிவும் கொடுத்தால்தான் ரேஷன் அரிசி என்று நிற்க வைக்கப்பட்ட ஏழைக்கு மறுக்கப்பட்ட உரிமை, கோடிகளைக் கொட்டிய கார்ப்பரேட் முதலாளி என்றதும் எங்கிருந்தோ முளைத்துவிடுகிறது.

இந்தத் தலைகீழ் நியாயத்துக்குத் தரப்பட்ட சட்ட வடிவம்தான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மக்களை அரசிடமிருந்தும் பெருநிறுவனங்களிடமிருந்தும் காப்பது அதன் பணி என்று பெயரைப் பார்த்தால் தோன்றும். உள்ளே சென்று பார்ப்போம். பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்து விலக்களிக்க 17(2)ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. புகார்களை விசாரிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களையும் அதே அரசுதான் நியமிக்கும். தரவு கசிந்து பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு நீக்கப்படுகிறது. ஆனால் பொய்ப் புகார் கொடுத்ததாகக் கருதப்படும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இவை அனைத்தையும்விடக் கொடியது 44(3). தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விவரங்களை மட்டுமே மறுக்க அனுமதித்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்றும் அது சொன்னது. இப்போது அந்த வரையறைகள் போய், “தனிப்பட்ட தகவல்” என்றாலே மறுக்கலாம் என்றாகிவிட்டது. 2025 நவம்பரில் இத்திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது. ஆனால் பொதுநலன் எது என்று முதலில் தீர்மானிப்பவர், எந்தக் கோப்பில் தன் கையெழுத்து இருக்கிறதோ அந்தக் கோப்பை மறைக்க விரும்பும் அதிகாரிதான். மேல்முறையீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அலைய எந்தக் கூலித் தொழிலாளியால் முடியும்?

இச்சட்டம் பிறந்த கதையை நினைத்துப் பார்த்தால் இழப்பின் ஆழம் புரியும். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்டர் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் கூடினார்கள். பெயர், வேலை நாள், கூலி என்று ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கப்பட்டது. இறந்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று திருட்டு அம்பலமானது. அந்தப் பொது விசாரணைகளின் வழியே வந்ததுதான் 2005ஆம் ஆண்டுச் சட்டம். மஸ்டர் ரோலில் இருக்கும் பெயரும் கூலியும் “தனிப்பட்ட தகவல்” என்று இனி ஓர் எழுத்தர் சொல்லிவிடலாம்.

ஆனால் தொழிலாளியின் முகத்தை அரசு படமெடுக்கத் தடையேதுமில்லை. 2023 ஜனவரி முதல் ஊரக வேலைத் திட்டப் பணியிடங்களில் தினமும் இருமுறை செயலியில் படம் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் உழைத்தவருக்கு வருகையும் இல்லை, கூலியும் இல்லை. ஊழலாவது ஒழிந்ததா? பழைய படத்தையே படமெடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. மக்கள் அரசைக் கண்காணித்தபோது திருடன் பிடிபட்டான்; அரசு மக்களைக் கண்காணித்தபோது கூலி மட்டுமே பறிபோனது.

ஒரு காரியத்துக்குக் கொடுத்த தரவு அதோடு நிற்பதும் இல்லை. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிம விவரங்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டு ஏறத்தாழ 65 கோடி ரூபாய் ஈட்டியதாக 2019இல் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே கூறினார். மறு ஆண்டு, வடகிழக்கு டெல்லி வன்முறைக்குப் பின், ஓட்டுநர் உரிமப் படங்களும் வாக்காளர் அட்டைப் படங்களும் முக அடையாள மென்பொருளில் செலுத்தப்பட்டு 1,100க்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டதாக அமித் ஷா அறிவித்தார். வண்டி ஓட்டவும் வாக்களிக்கவும் கொடுத்த முகம், கேளாமலே காவல்துறையின் கோப்புக்குள் போய்விட்டது. பெகாசஸ் விவகாரத்திலோ, உச்சநீதிமன்றம் அமைத்த குழுவுக்கே ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி வெளிப்படையாகச் சொல்ல நேர்ந்தது.

அந்தரங்க உரிமை நடுத்தர வர்க்கத்தின் கவலை, நமக்குக் கூலியும் நிலமும்தான் முக்கியம் என்று நம் அணிகளிலும் சிலர் எண்ணுவதுண்டு. 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வரும் கர்ப்பிணியின் முகத்தைச் செயலி ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தவில்லையென்றால் வசவு வாங்குபவர் நம் சங்கத்து ஊழியர். கூலிக்கான போராட்டமே இன்று இந்தச் செயலிகளோடுதான் நடக்கிறது. 44(3)ஐயும் 17(2)ஐயும் நீக்கு, கூலியையும் உணவையும் முகப் பதிவோடு பிணைக்காதே என்னும் முழக்கங்கள் துண்டறிக்கையின் கடைசி வரியில் இடம்பெற்றால் போதாது. அங்கன்வாடி, தூய்மைப் பணி, ஊரக வேலை அரங்குகளின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே அவை ஏற வேண்டும். மஸ்டர் ரோலுக்கும் ரேஷன் கடைப் பதிவேட்டுக்கும் தகவல் உரிமை மனுக்களை ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் இப்போதே அனுப்புவோம். மறுக்கட்டும், எந்தப் பிரிவைக் காட்டி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குவோம்.