கொடுப்பதற்கும் கணக்கு வேண்டும்

சம்பள நாளில் நம் தோட்டங்களில் நன்கொடைப் பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. கோயில் திருவிழா, பள்ளி விருந்து, மாற்றலாகிப் போகும் கிராணியாருக்கு வழியனுப்பு உபசாரம்! கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அடைமழையில் பால்வெட்டு நின்றுபோன மாதத்தில் அதே தொழிலாளி கடைக்காரரிடம் கைகட்டி நிற்கிறாரே!

சேமிப்பவனைக் கஞ்சன் என்று ஏசுவோர் 1960ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கட்டும். ஐரோப்பிய முதலாளிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலம் அது. துன் சம்பந்தன் அவ்வாண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டுகிறவருக்கு அந்தப் பத்து வெள்ளி பல நாள் உழைப்பு. அப்படிச் சேர்ந்த பணந்தான் தோட்டங்களை வாங்கியது. கட்டியவர் பணம் அவர் பெயரிலேயே இருந்தது. முகமறியாத ஒருவருடைய வேலையும் அதனால் நிலைத்தது. இதைச் சேமிப்பு என்பதா, ஈகை என்பதா?

2024 முதல் 55 வயதுக்குட்பட்டோர் சேமநிதியில் ஒரு பகுதியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மைத்துனர் கல்யாணத்துக்கு அதை எடுத்துக் கொடுப்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம். கிழவரான பின் சோற்றுக்குப் பிள்ளைகள் கையை அல்லவா பார்க்க வேண்டிவரும்?

ஆகவே தோழர்களே, சம்பளம் வாங்கியதும் கூட்டுறவுக் கணக்குக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுப் பட்டியலில் கையெழுத்திடுங்கள். சாவு வீட்டிலும் நோயாளியிடமும் மட்டும் இந்த வரிசை பார்க்க வேண்டாம். கிராணிமாருக்கும் ஒரு விண்ணப்பம்: யார் எவ்வளவு போட்டார் என்று பத்துப் பேர் முன்னால் உரக்கப் படிக்காதீர்கள்.