ஏரிக்கரையில் ஒலித்த விசுவாச அறிக்கை

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் திகதி, துருக்கி நாட்டின் இஸ்னிக் என்னும் சிறு நகரில், ஏரியொன்றின் கரையிலே பாப்பரசர் பதினான்காம் லியோ அவர்களும் கொன்ஸ்தாந்திநோபிளின் முதுபெரும் தந்தை பர்த்தலோமியு அவர்களும் வேறு பல திருச்சபைகளின் தலைவர்களும் ஒன்றாக நின்று விசுவாச அறிக்கையைச் சொன்னார்கள். அவர்களுக்கு முன்னே தெரிந்தவை, இளம் வேதசாட்சி புனித நியோபித்தஸின் பெயரால் அழைக்கப்படும் பழைய பேராலயமொன்றின் அத்திவாரக் கற்கள். நீருக்கடியில் நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்த அவ்வாலயத்தை, 2014இல் வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களே உலகுக்குக் காட்டிக் கொடுத்தன. 1700 ஆண்டுகளுக்கு முன்னர் இந்நகரின் பெயர் நிசேயா.

அதே நாளில்தான் 'டித்வா' புயல் நமது நாட்டின் கிழக்குக் கரையைத் தாக்கிற்று. மலையகத்தில் மண் சரிந்தது. ஆறுகள் பெருகி ஊர்களை மூடின. அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொலைக்காட்சியில் இந்த அழிவைக் கண்டு கலங்கியிருந்தோருக்கு, அங்கே முதியவர்கள் சிலர் கூடி 4ஆம் நூற்றாண்டின் வாசகமொன்றைச் சொன்ன செய்தி பெரிதாகத் தோன்றியிருக்க நியாயமில்லை. எனினும் இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய தேவை நமக்குண்டு.

கி.பி. 325இல் நிசேயாவில் ஆயர்களை ஒன்றுகூட்டியவர் உரோமைப் பேரரசர் கொன்ஸ்தந்தைன். அவர் அப்போது திருமுழுக்குப் பெற்றிருக்கவில்லை. பேரரசின் அமைதியே அவரது முதற் கவலை. ஆனால் கூடி வந்த ஆயர்களின் நிலை வேறு. தியோக்கிளேசியன் பேரரசர் 303இல் தொடக்கிய கொடிய வேதகலாபனையைக் கடந்து வந்தவர்கள் அவர்களிற் பலர். கண்ணை இழந்தவர்களும், கைகள் சுடப்பட்டவர்களும் அச்சபையில் அமர்ந்திருந்ததாகப் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளார்கள். கிறிஸ்துவுக்காகத் தங்கள் உடலில் வடுக்களைத் தாங்கியவர்கள், அந்தக் கிறிஸ்து உண்மையில் யார் என்று ஆராயக் கூடினார்கள்.

பிரச்சினையை எழுப்பியவர் அலெக்சாந்திரியாவின் குருவானவர் ஆரியுஸ். நமது மறைக்கல்விப் புத்தகங்களில் அவர் ஒரு பேதகராக மட்டுமே வந்து போகிறார். ஆனால் அவர் இறைவனை இகழ எண்ணியவரல்லர். இறைவனின் மேன்மையைக் காக்க வேண்டும் என்றே எண்ணினார். தொடக்கமும் முடிவும் இல்லாத கடவுள் பசித்திருப்பாரா? படகில் களைத்து உறங்குவாரா? நண்பனின் கல்லறையருகே கண்ணீர் விடுவாரா? இவற்றையெல்லாம் அனுபவித்த இயேசு, படைப்புகளில் முதன்மையானவராக, எல்லா வானதூதரிலும் உயர்ந்தவராக இருக்கலாம். ஆயினும் நித்தியரான கடவுளாக இருக்க முடியாது. இதுவே ஆரியுஸின் வாதம். அறிவுக்கு அது எளிதில் இசைகின்றது. அதனால்தான் அத்தனை வேகமாகப் பரவியது.

சங்கத்தின் மறுமொழி ஒரே கிரேக்கச் சொல்லில் அடங்கியிருந்தது. மகன் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்றார்கள். இச்சொல் திருவிவேலியத்தில் இல்லை என்று ஆயர்கள் பலர் தயங்கினார்கள். இருப்பினும் விவிலியம் சொல்வதைத் திரிக்காமற் காக்க வேறு சொல் அகப்படவில்லை. இத்துடன் காரியம் முடிந்துவிட்டதென எண்ண வேண்டாம். பேரரசர்கள் மாற, அரசின் ஆதரவும் ஆரியுஸின் பக்கத்தாருக்கு மாறியது. சங்கத்திற்கு ஒரு தியாக்கோனாக வந்திருந்த புனித அத்தனாசியார், பின்னர் அலெக்சாந்திரியாவின் ஆயராகி, ஐந்து தடவைகள் நாடு கடத்தப்பட்டார்; ஏறத்தாழ 17 ஆண்டுகளைத் தமது மந்தையிலிருந்து பிரிந்தே கழித்தார். இன்று நாம் அறிந்த வடிவில் விசுவாச அறிக்கை நிறைவு பெற்றது 381இல், கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தில்.

ஒரு சொல்லுக்காக இத்தனை துன்பமா என்று கேட்கலாம். அத்தனாசியார் தமது நூலில் தரும் ஓர் உவமை இதற்குப் பதிலாகின்றது. பேரரசர் ஒரு நகருக்கு வந்து, அங்குள்ள வீடுகளில் ஒன்றில் மட்டுமே தங்குகின்றார். ஆனால் மதிப்படைவது முழு நகரமும். அதைக் கொள்ளையிட எவரும் துணிவதில்லை. வந்தவர் பேரரசராக இருந்தாற்றான் இது நடக்கும். அவர் அனுப்பிய உத்தியோகத்தர் எத்துணை நல்லவராயினும், வந்து, விபரங்களைப் பதிந்துகொண்டு போய்விட்டால், வீடு பழைய வீடுதான். அனர்த்தங்களுக்குப் பின்னர் முகாம்களில் காத்திருந்த நமது மக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. மாட்டுக்கொட்டிலில் பிறந்தவர் கடவுளின் தூதர் மட்டுமே எனில், கடவுள் இன்னமும் தொலைவில்தான் இருக்கின்றார். சிலுவையில் துன்புற்றதும் அவரல்லர்.

தமது துருக்கிப் பயணத்தின்போது, இஸ்தான்புல் பேராலயத்தில் குருக்களையும் துறவியரையும் சந்தித்த பாப்பரசர், ஆரியுஸின் கொள்கை இன்று புதிய உருவில் திரும்பியுள்ளதாகக் குறிப்பிட்டார். இயேசுவைப் பெரிய ஆசிரியராக, நீதிக்காகப் போராடியவராகப் போற்றுவோர் பலர். அவரை வாழும் கடவுளாக ஏற்கத் தயங்குவோரும் பலர். மேற்குலகைப் பொறுத்தவரை இது மிகச் சரியான கணிப்பு. ஆனால் நமது குடும்பங்களில் நான் காண்பது பெரும்பாலும் இதற்கு எதிரான நோய். இயேசு கடவுள் என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. அவர் மனிதர் என்பதே மறந்துபோகின்றது. வேண்டுதல்களைக் கேட்டு உடனே அற்புதம் செய்யும் வல்லமையாகவே அவரை அணுகுகின்றோம். முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் உழைத்து உண்டவர், கலிலேயாவின் பேச்சு வழக்கில் பேசியவர், வெயிலில் நடந்து கிணற்றடியில் இளைத்து உட்கார்ந்தவர், இவரைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு. பாலன் குடிலை ஆண்டுதோறும் அலங்கரிக்கின்றோம். அதிலுள்ள வைக்கோல் ஏன் அங்கே கிடக்கின்றது என்பதை எண்ணுவதில்லை. 451இல் கல்சதோன் சங்கம், கிறிஸ்து உண்மையான கடவுளும் உண்மையான மனிதரும் ஆவார் என்று அறிக்கையிட்டது, இந்த இரண்டாவது மறதிக்கும் எதிராகவே.

இஸ்னிக் நிகழ்வில் ஒற்றுமையின் அறிகுறிகள் சில தென்பட்டன. தூய ஆவியார் தந்தையிடமிருந்தும் 'மகனிடமிருந்தும்' புறப்படுகின்றார் என்று இலத்தீன் திருச்சபை பிற்காலத்தில் சேர்த்த சொல்லை விட்டு, 381இன் வடிவிலேயே பாப்பரசரும் அறிக்கையைச் சொன்னார். மறுநாள் இரு தலைவர்களும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, கிறிஸ்தவர் யாவரும் ஒரே நாளில் உயிர்ப்புப் பெருவிழாவைக் கொண்டாட வேண்டும் என்னும் விருப்பத்தைத் தெரிவிக்கின்றது. 2025இல் ஏப்ரல் 20ஆம் திகதி அப்பெருவிழா இரு மரபினருக்கும் ஒரே நாளில் வந்தது. அடுத்த நாளே, நிசேயா செல்ல ஆவல் கொண்டிருந்த பாப்பரசர் பிரான்சிஸ் இறையடி சேர்ந்தார். இவற்றைக் கண்டு பிரிவினை நீங்கிவிட்டதாக மகிழ்வது அவசரம். மொஸ்கோவின் திருச்சபை அந்த ஏரிக்கரையில் இருக்கவில்லை. 2018 முதல் அது கொன்ஸ்தாந்திநோபிளுடன் உறவை முறித்திருக்கின்றது. 2022இல் மூண்ட உக்ரேன் போரில், இதே விசுவாச அறிக்கையைச் சொல்லுவோர் இரு பக்கத்திலும் நின்று ஒருவரையொருவர் கொன்றார்கள். நிசேயாவின் வாசகம் அவர்களைத் தடுக்கவில்லை என்பது கசப்பான உண்மை.

மண்சரிவில் குடும்பத்தை இழந்த ஒருவரிடம் போய், 'ஒரே பொருளானவர்' என்னும் சொல்லின் ஆழத்தை விளக்குவது கொடுமை. அதை நான் பரிந்துரைக்கவில்லை. புயல் ஏன் வந்தது என்பதற்கு அச்சொல்லில் விடையும் இல்லை. ஆனால் 'கடவுள் எங்கே இருந்தார்?' என்று அவர் கேட்கும்போது, கண்ணுக்கெட்டாத உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. அந்த வாய்ப்பை நிசேயா நமக்கு அடைத்துவிட்டது. நித்தியரானவர் மண்ணாலான நமது உடலை எடுத்து, அதே மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதே நமது விசுவாசம்.

ஞாயிறு திருப்பலியில் விசுவாச அறிக்கையைச் சொல்லும்போது, வார்த்தையானவர் மனிதரானார் என்று கூறும் இடத்தில் யாவரும் தலைவணங்க வேண்டும் என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. நத்தார் தினத்திலும், மார்ச் 25ஆம் திகதி மங்கள வார்த்தைத் திருநாளிலும் முழந்தாளிட வேண்டும். நமது ஆலயங்களில் அவ்விடம் வரும்போது குனியும் தலைகள் மிகச் சிலவே. அநேகமாக அவை முன்வரிசையிலுள்ள பாட்டிமாரின் தலைகள். அவர்கள் ஆரியுஸின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.