சத்தம் போடாத புஸ்வாணம்... மொட்டை மாடியில் ஒரு கிறிஸ்துமஸ் லைட் ஷோ!

சிவகாசிக்காரர்களிடம் பண்டிகைக்கு என்ன ஸ்பெஷல் என்று கேட்டால், வெடி என்றுதான் முதலில் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரைதான் வெடிக்கலாம். மொத்தமே 35 நிமிடம்! மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது? போன வருஷம் சாட்சியாபுரத்தில் சித்தி வீட்டு மொட்டை மாடியில், பாலிடெக்னிக் படிக்கிற தம்பியும் நானும் லைட்டிலேயே ஒரு புஸ்வாணம் செய்தோம். பல்பு வாங்கியது நாங்கள். அதை எரிய வைத்தது சித்தி. எப்படி என்று சொல்கிறேன்.

கடையில் கிடைக்கும் சாதாரண சீரியல் செட், ஓடுவது போலக் கண்ணைக் கட்டும். உண்மையில் இரண்டு மூன்று வரிசைகள் மாறி மாறி எரியும், அவ்வளவுதான். ஒரு தனி பல்புக்கு உத்தரவு போட முடியாது. கோயில் திருவிழாவில் பிரமாண்டமாக அம்மன் போர்டு மின்னுமே, அதிலும் முன்பெல்லாம் இதே வித்தைதான். மோட்டாரில் சுற்றும் உருளையில் பித்தளைத் தகடு ஒட்டியிருப்பார்கள். தகடு எந்த வயரைத் தொடுகிறதோ அந்த வரிசை எரியும். இன்னும் பின்னால் போனால், 1882-ல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டில் 80 மின்விளக்குகளோடு கிறிஸ்துமஸ் மரம் வைத்தார். அவர் மரத்தையே சுற்ற விட்டுவிட்டார்!

இப்போது கிடைக்கும் பிக்சல் எல்.இ.டி-யில் ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு குட்டி சிப் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் முதல் ஆள் தன் இலைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வாளியைப் பக்கத்து ஆளிடம் தள்ளினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். முதல் பல்பு தனக்கான நிறத்தை எடுத்துக்கொண்டு மிச்சத் தகவலை அடுத்த பல்புக்கு அனுப்பும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண்கள். கலந்தால் ஒரு கோடியே 67 லட்சம் நிறங்கள். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் சித்திக்குப் பச்சை என்றால் பேரியம், சிவப்பு என்றால் ஸ்ட்ரான்ஷியம். "வெறும் நம்பர்லயா கலர் வருது?" என்று கடைசி வரை நம்பவில்லை.

மதுரை டவுன் ஹால் ரோட்டில் 50 பல்பு கொண்ட மூன்று சரம், ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டு, 5 வோல்ட் பவர் சப்ளை வாங்கினோம். சன் போர்டில் 12 மி.மீ. துளை போட்டு, கீழே சட்டி, மேலே விசிறி மாதிரி 10 வரிசை, வரிசைக்கு 15 பல்பு. போர்டில் ஏற்றும் டபிள்யூ.எல்.இ.டி, லேப்டாப்பில் நேரம் குறித்து ஆட்டம் அமைக்கும் எக்ஸ்லைட்ஸ் இரண்டுமே இலவச மென்பொருள்கள்தான்.

முதல் நாள் வெள்ளை நிறத்தைப் போட்டதும், சரம் போகப் போக மஞ்சளாகி, கடைசியில் சிவந்தே போய்விட்டது. "என்னம்மா, கடைசி பல்புக்கெல்லாம் மஞ்சக்காமாலையா?" என்றார் சித்தி. ஒரு பல்பு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 150 பல்புக்கு 9 ஆம்பியர். அத்தனையையும் ஒரே முனையில் கொடுத்தால் மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கிவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பைவிட அதிக வோல்டேஜ் வேண்டும் என்பதால் முதலில் படுப்பது அவைதான். ஒவ்வொரு 50 பல்புக்கும் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் இழுத்ததும் சரியானது. அதோடு, சரம் ஒரு வரிசையில் மேலே ஏறி அடுத்ததில் கீழே இறங்குவதை லேப்டாப்புக்குச் சொல்ல மறந்துவிட்டோம். பாதிப் புஸ்வாணம் வானத்திலிருந்து சட்டிக்குள் கொட்டியது!

அதற்கு அடுத்த விஷயத்தை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பவர் சப்ளை மழையில் நனையக் கூடாது என்று மாடிப்படிக்கு அடியில் இருந்த பலகையில் வைத்திருந்தோம். தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசுப் பெட்டி அதே பலகையில், ஒரு சாண் தள்ளி. சித்தி எங்களைத் திட்டவே இல்லை. மெயினை ஆஃப் செய்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், திரும்பி வந்து, "எர்த் எங்க?" என்றார். தம்பி இரண்டு பின் பிளக் மாட்டியிருந்தான். ஆலையில் அறைக்குள் நுழையும் முன் எர்த் கொடுத்த தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் சித்தி தினமும் வேலைக்கு உட்காருகிறார். அவருக்குப் பொறி என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து மூன்று பின், ஆர்.சி.சி.பி எல்லாம் போடும்வரை இரண்டு நாள் ஷோ கேன்சல்.

பல்பு பக்கம் 5 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனால் பவர் சப்ளைக்குள் நுழைவது 230 வோல்ட். மழையும் மார்கழிப் பனியும் படாத, காற்றோட்டம் உள்ள இடத்தில் மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். வெடி, துணி, காகித ஸ்டார் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

மறுபடி எரியவிட்ட அன்று, சித்தி மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் புஸ்வாணம் பளீரென்று ஒரே வேகத்தில் மேலே ஏறி, அதே வேகத்தில் இறங்கியது. "புஸ்வாணம் இப்படியா எரியும்? திரி பிடிக்கணும்ல? அப்புறம் அணைஞ்ச மாதிரி ஒரு கணம் நிக்கும். புஸ்ஸுனு அடியில சீறி, உச்சிக்குப் போய், அங்க கொஞ்ச நேரம் நின்னுதான் இறங்கும்." தம்பி லேப்டாப்பைத் திறந்து அவர் சொல்லச் சொல்ல மாற்றினான். சட்டி வாயில் ஒரு நொடி சிவப்புப் பொட்டு. பிறகு அரை நொடி முழு இருட்டு. அப்புறம் சீறல். எத்தனை பல்பு எரிகிறது என்றே யோசித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, எரியாமல் இருக்க வேண்டிய நேரத்தைக் கணக்குப் போடத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் இரவில் அந்த அரை நொடி இருட்டில்தான் தெருப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த வருஷம் சித்தி கேட்டிருப்பது தரைச்சக்கரம். சுற்றி முடியும்போது நேராக நிற்காமல் லேசாகத் தள்ளாடி நிற்க வேண்டுமாம். தம்பி இப்போதே மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான்.