விடுதிச் சமையலறை வரை

2021 டிசம்பரில், விடுதி உணவால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தியும் பரவியபின், ஆப்பிளுக்காக ஐபோன் தயாரிக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர்; மூடப்பட்ட ஆலையில் 2022 ஜனவரி 12 அன்றுதான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. விடுதிகள் சிலவும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வேலை நடக்கும் இடத்துக்கே மேலாளர் நேரில் சென்று பார்த்தறிவதைக் குறிக்கும் 'கெம்பா நடை' என்னும் ஜப்பானிய வழக்கம் அருகிலுள்ள ஒரகடம் தொழில் வட்டாரத்துக்குப் புதிதன்று. எனினும் அந்த நடை அசெம்பிளி லைனோடு நின்றுவிட்டால், ஒப்பந்ததாரர் நடத்தும் சமையலறையும் தொழிலாளர் தரையில் படுத்துறங்கும் அறையும் (அவையும் உற்பத்தியின் பகுதிகளே) கண்ணில் படுவதில்லை. மாதம் ஒருமுறையேனும் முன்னறிவிப்பின்றி அங்கே சென்று, தொழிலாளரின் தட்டில் விழுவதையே உண்டு பார்க்கும் பழக்கம், நேர மேலாண்மை வகுப்புகளைவிட மேலாளருக்கு முதலில் வேண்டியதாகும்.